அரிசியை விட்டவர்களின் கொலஸ்ட்ரால் கவலை

சோற்றையும் இட்லியையும் சர்க்கரையையும் விட்டொழித்து, முட்டையும் இறைச்சியும் பனீரும் பாதாமும் காய்கறியுமாகத் தம் ஆகாரத்தை மாற்றிக்கொண்டு, நெடுங்காலம் இறங்க மறுத்த உடல் எடையைச் சில மாதங்களிலேயே இறக்கிக் காட்டி, நீரிழிவு மாத்திரையின் அளவையும் வைத்தியரின் சம்மதத்தோடு குறைத்துக்கொண்ட ஒருவர், அந்த மகிழ்ச்சி மாறாத மனத்தோடு ஒரு நாள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கையில், எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்ற வரிக்கு நேரே முன்பு 120 இருந்த இடத்தில் 190 என்று அச்சாகியிருக்கக் காண்பாராயின், அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பேலியோ என்ற பெயரில் இந்தக் குறைமாவு உணவுமுறை தமிழ்நாட்டில் வேரூன்றிய பிறகு, இத்தகைய அனுபவத்துக்கு ஆளானவர்களை நம் உறவினரிடையிலும் நண்பரிடையிலும் அடிக்கடி காண்கிறோம். யோசனை கேட்டுப் போகும் அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு விடைதான் கிடைக்கிறது. இந்த விபரீத ஆகாரத்தை இன்றே நிறுத்திவிட்டுப் பழையபடி சாப்பிடுங்கள் என்பது ஒன்று. கொலஸ்ட்ரால் பயம் என்பதே மருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிட்ட வீண் பீதி, ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு இதே முறையைத் தொடருங்கள் என்பது மற்றொன்று.

இவ்விரண்டு விடைகளும் கேட்டவருக்கு நன்மை செய்யவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். முதல் விடை, அரும்பாடுபட்டு அவர் பெற்ற லாபத்தைப் பறித்துவிடுகிறது. இரண்டாவது விடை, அவர் கண்முன் நிற்கும் அபாயத்தை மறைத்துவிடுகிறது. அவருடைய கவலை நியாயமான கவலை. அந்தக் கவலைக்குப் பரிகாரமும் இருக்கிறது. அந்தப் பரிகாரத்துக்காக அவர் மறுபடியும் மூன்று வேளை அரிசிக்குத் திரும்ப வேண்டியதில்லை.

முதலில் இந்த உணவுமுறைக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். லண்டனில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தம் பருமனைக் குறைத்த வரலாற்றை 1863இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். அமெரிக்க வைத்தியர் ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் அதே கருத்தைப் புதிய உருவத்தில் பரப்பினார். ஆகவே இது நேற்று முளைத்த வழக்கமன்று. நம் நாட்டு நிலைமையை நோக்கினால், இதற்குள்ள தேவை இன்னும் தெளிவாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் 2023ஆம் ஆண்டு முடிவின்படி, நீரிழிவு உள்ள இந்தியர்களின் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. அதே ஆய்வின் பிந்திய பகுதி, நாம் உண்ணும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் அரைத்த கோதுமையும் சர்க்கரையும்தான் என்றும் காட்டியது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தும், நல்ல கொலஸ்ட்ரால் என்று நாம் வழங்கும் எச்.டி.எல். குறைந்தும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தும் இருக்கும் தேகவாகு நம்மவரிடையே இத்துணை சகஜமாக இருப்பதற்கும் இந்த ஆகாரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அந்த மாவைக் குறைத்தவருக்குச் சர்க்கரை இறங்குவதும் ட்ரைகிளிசரைடு இறங்குவதும் பிரத்தியட்சம். அதைக் கண்டும் காணாததுபோல் ஒரு வைத்தியர் பேசுவாரானால், நோயாளி அவரை விட்டு விலகிப் போவதில் ஆச்சரியமில்லை.

அப்படி விலகிப் போகிறவர், கொலஸ்ட்ராலே பொய் என்று சொல்கிறவர்களின் பக்கத்தில் போய் நிற்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம். அது பொய்யா என்ற கேள்விக்கு விடை காண, அந்தக் கருத்து எப்படித் தோன்றி எப்படி நிலைபெற்றது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், எண்ணெயில் கரைத்த தூய கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் ரத்தக் குழாய்களில் மனிதருக்கு வருவதைப் போன்ற கொழுப்புப் படிவுகள் உண்டாவதைக் கண்டார். முயல் புல் தின்னும் பிராணி, அதற்கு இயல்புக்கு விரோதமான உணவைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்று அன்றே ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் என்ற சிற்றூரில் தொடங்கிய நீண்ட ஆய்வு, கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் மிகுதி என்று காட்டிற்று. ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்ற தர்க்கத்தை அதற்கு எதிராகவும் நிறுத்த முடிந்தது. இதுவரை வந்த வாதத்தோடு நின்றுவிடுகிறவர்கள் சந்தேகவாதிகளாக இருப்பதில் குற்றமில்லை. பிறகு வந்த பிரமாணங்களை அவர்கள் பார்க்க மறுப்பதுதான் குற்றம்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு வைத்தியர்கள் 1970களின் தொடக்கத்தில் ஒரு பரிதாபமான குடும்ப நோயை ஆராயத் தொடங்கினார்கள். அந்த நோய் தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்து சேர்ந்த குழந்தைகளின் ரத்தத்தில் எல்.டி.எல். பிறவியிலிருந்தே பன்மடங்கு மிகுந்திருக்கும். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ முதுமையோ எட்டிப் பாராத பிராயத்தில், பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே, அவர்களில் சிலர் மாரடைப்பால் மடிவார்கள். ஒருவர் வழியாக மட்டும் வந்தவர்களுக்கு எல்.டி.எல். ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். அவர்களுக்கு மாரடைப்பு நடுவயதில் வரும். ஈரலின் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் ஏற்பி என்னும் ஓர் உறுப்பை வைத்துக்கொண்டு ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பதையும், இந்தக் குடும்பங்களில் அந்த ஏற்பி பழுதுபட்டிருக்கிறது என்பதையும் இவ்விருவரும் கண்டறிந்து, 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பி பழுதானால் எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்குகிறது, தங்கினால் குழாய்ச் சுவரில் புகுந்து படிகிறது. இங்கே ஆகாரத்தைப் பற்றிய சர்ச்சைக்கோ மருந்துக் கம்பெனியின் சூழ்ச்சிக்கோ இடமே இல்லை. குழந்தை பிறந்தபோதே இயற்கை செய்துவைத்த பரிசோதனை இது.

இதற்கு நேர் எதிரான பரிசோதனையையும் இயற்கை செய்திருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு ஈரலின் ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்வது. பிறவியிலேயே அந்த மரபணு ஊனப்பட்டு, அதனால் ஏற்பிகள் மிகுந்து, எல்.டி.எல். குறைவாகவே வாழ்ந்துவந்த கறுப்பின அமெரிக்கர் சிலரைப் பற்றிய ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிடச் சராசரியாக 28 சதவீதம் குறைவு. இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு. இருபத்தெட்டுக்கு எண்பத்தெட்டு என்ற இந்த விகிதத்தை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நடுவயதில் மருந்து தொடங்கி அதே அளவு எல்.டி.எல்.லைக் குறைத்தவர்களுக்கு இத்துணைப் பலன் கிடைப்பதில்லை. பிறந்தது முதல் ஆயுள் முழுவதும் குறைவாக இருந்ததனாலேயே அவர்களுக்கு இந்தப் பெரிய பாதுகாப்பு கிடைத்தது. எல்.டி.எல். ஒரு வருஷத்தில் செய்யும் கேடு அற்பம். முப்பது வருஷம் சேர்ந்து செய்யும் கேடு பெரிது. ஆகையால், இரண்டு வருஷமாக என் எல்.டி.எல். 200க்கு மேல் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்கிறவருடைய அனுபவம் உண்மையானதே ஆயினும், அது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

குறைமாவு உணவில் எல்.டி.எல். ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு வருவோம். எல்லோருக்கும் ஏறுவதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நீரிழிவு நோயாளர்கள் ஓராண்டு இம்முறையைக் கைக்கொண்ட ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது; அவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாகச் சுமார் 10 சதவீதம் ஏறியது, கெடுதல் செய்யும் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி என்ற அளவோ ஏறவில்லை. பருமனாக இருப்பவர்களுக்கு ஏற்றம் சொற்பமாகவோ இல்லாமலோ இருப்பதும், மெலிந்த தேகமும் நிறைந்த தேகப்பயிற்சியும் உடையவர்கள் மாவுச்சத்தை அடியோடு நீக்கும்போது எல்.டி.எல். சில சமயம் 200ஐயும் 300ஐயும் தாண்டிப் போவதும் இப்போது நன்றாக அறியப்பட்ட செய்திகள். எடை வேகமாக இறங்கும் காலத்தில், தேகத்தின் கொழுப்பில் சேமிப்பாக இருந்த கொலஸ்ட்ரால் வெளிப்பட்டு ரத்தத்தில் தாற்காலிகமாக மிகுவதும் உண்டு. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு அது தானே தணிந்துவிடும். எனவே எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக்கொண்டு கலங்கவும் கூடாது, முடிவு கட்டவும் கூடாது. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால், டி.எஸ்.எச். பரிசோதனையையும் கூடவே செய்துகொள்வது விவேகம்.

இவை போக எஞ்சி நிற்கும் பிரதான காரணம் பூரிதக் கொழுப்பு. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மிகுந்த ஆட்டிறைச்சி, பனீர், பாலாடை ஆகியவற்றில் மிகுந்திருக்கும் இது, முன்சொன்ன ஈரல் ஏற்பிகளின் வேலையை மந்தப்படுத்துகிறது, அதனால் எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வெண்ணெயிலும் நெய்யிலும் உள்ள கொழுப்பில் அறுபது சதவீதத்துக்குக் குறையாத பங்கு பூரிதம். தேங்காய் எண்ணெயிலோ ஏறத்தாழ 90 சதவீதம். நல்லெண்ணெயில் அது பதினைந்து சதவீதத்தை ஒட்டியும், கடலை எண்ணெயில் இருபதுக்கு உட்பட்டும் இருக்கிறது. காலையில் வெண்ணெய் கலந்த பட்டர் டீ, நெய்யில் வறுத்த பாதாம், மத்தியானம் தேங்காய் எண்ணெயில் தாளித்து முழுத் தேங்காய் அரைத்த குழம்பு, இரவில் நெய்யில் பொரித்த பனீர் என்று உண்பவர் மாவைக் குறைத்தது மட்டுமன்றி, தாம் அறியாமலே பூரிதக் கொழுப்பைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டார். மாவைக் குறைப்பது ஒரு காரியம். அந்த இடத்தில் எதை வைத்து நிரப்புவது என்பது வேறொரு காரியம். நம் நாட்டில் இவ்விரண்டும் பிரிக்க முடியாத ஒரே காரியமாக உபதேசிக்கப்பட்டுவிட்டதே இத்தனை குழப்பத்துக்கும் மூலம்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு தலைமுறை முழுவதும் அதை எடுத்து எறிந்தது. தேகத்துக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஈரலே உற்பத்தி செய்துகொள்கிறது. உண்ணும் கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்குச் சிறிதளவே ரத்தத்தைப் பாதிக்கிறது. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை 2015இல் கைவிட்டது. இந்த விஷயத்தில் குறைமாவு உணவினர் சொன்னது பெரும்பாலும் சரியே. ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னவர்கள் எல்லா விஷயத்திலும் சரியாகச் சொல்வார்கள் என்று நம்பிவிடுவதில்தான் அபாயம் இருக்கிறது.

அவர்கள் சொல்லும் சமாதானங்களில் முக்கியமானது, எச்.டி.எல். ஏறி ட்ரைகிளிசரைடு இறங்கியிருந்தால் எல்.டி.எல். எவ்வளவு இருந்தாலும் தீங்கில்லை என்பது. ட்ரைகிளிசரைடு இறங்குவது மெய்யான நன்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எச்.டி.எல். ஒரு கவசம் என்ற நம்பிக்கையை வைத்திய உலகமே ஒரு காலத்தில் கொண்டிருந்து, அதைப் பரீட்சித்துப் பார்த்து ஏமாந்திருக்கிறது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை எழுபது சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. அப்படியிருந்தும் அதை உண்டவர்களிடையே மரணம் கூடியதால், பதினையாயிரம் பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். மிகுந்திருப்பது ஆரோக்கியமான வாழ்க்கைக்கு ஓர் அடையாளமாக இருக்கலாம், எல்.டி.எல்.லின் கேட்டைத் தடுத்து நிறுத்தும் காவலாக அது இருப்பதற்கு நிரூபணம் இல்லை.

இன்னொரு சமாதானம், எல்.டி.எல். துகள் பெரியதாக இருந்தால் கெடுதலில்லை, சிறியதும் அடர்ந்ததும்தான் கெடுதல் என்பது. எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ரால் என்ற சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டி என்று வைத்துக்கொண்டால், சாலையில் விபத்து நேர்வது பெரும்பாலும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒவ்வொரு துகளிலும் அபோ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருப்பதால், அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். துகள் பெரியது, ஆகவே பயமில்லை என்று நம்புகிறவர் அபோ-பி பரிசோதனை ஒன்றைச் செய்து பார்த்துவிடலாமே. அது குறைவாக இருந்தால் அவர் நிம்மதி அடைவதற்கு ஆதாரம் கிடைத்தது, எல்.டி.எல்.லோடு சேர்ந்து அதுவும் ஏறியிருந்தால், அந்தச் சமாதானம் அவருக்குப் பொருந்தவில்லை.

மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில்தான் இருந்தது என்பார்கள். சாதாரணம் என்று நாம் வழங்குவது ஜனங்களின் சராசரி. சராசரியே மிகுந்திருக்கும் சமூகத்தில் சராசரியாக இருப்பது பாதுகாப்பு ஆகாது.

இந்தியராகிய நமக்கு இந்த விஷயத்தில் கூடுதலான ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற ஆய்வை ஆதாரமாகக் கொண்டு பார்த்தபோது, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53ஆம் வயதில் வருகிறது. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59இல் வருகிறது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவர், பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் வீட்டுக் கடனும் தோளில் இருக்கும் வயதில் விழுகிறார் என்பது இந்த ஆறு வருஷ வித்தியாசத்தின் பொருள். எல்.பி.(ஏ) என்ற, பெரும்பாலும் பிறவியைச் சார்ந்த இன்னொரு கொழுப்புத் துகளும் நம்மவரில் கணிசமானவர்களுக்கு மிகுந்திருக்கிறது. ஆயுளில் ஒரு முறை பார்த்தால் போதுமான அந்தப் பரிசோதனையை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களாவது அவசியம் செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பியரோ அமெரிக்கரோ தம் எல்.டி.எல்.லைப் பற்றி அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டு, நம் ஊரில் அதையே திருப்பிச் சொல்வது பொறுப்பான காரியமாகாது.

பரிகாரம் என்ன என்று கேட்டால், கொழுப்பை மாற்றுங்கள், மாவை மறுபடி கூட்ட வேண்டாம் என்பதே நான் சொல்லும் விடை. கனடாவின் டொரண்டோ நகரில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தை வெண்ணெயாலும் இறைச்சியாலும் நிரப்பாமல் சோயாவாலும் கொட்டைப் பருப்புகளாலும் தாவர எண்ணெய்களாலும் நிரப்பியபோது, எடை இறங்கியதோடு எல்.டி.எல்.லும் இறங்கிற்று. இதைத் தமிழ்நாட்டுச் சமையலறையில் செய்வதற்கு வெளிநாட்டுச் சரக்கு எதுவும் வேண்டியதில்லை. பட்டர் டீயை விட்டுவிடலாம். தாளிக்க நெய்யும் தேங்காய் எண்ணெயும் எடுத்த இடத்தில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எடுக்கலாம். பாதாமை நெய்யில் வறுக்காமல் ஊறவைத்தோ வெறுஞ்சட்டியில் வறுத்தோ உண்டால், அதுவே எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஆகாரம்; வேர்க்கடலைக்கும் அந்தக் குணம் உண்டு. ஆட்டிறைச்சி உண்ட நாட்களில் சிலவற்றை மத்திக்கும் அயிலைக்கும் தோலுரித்த கோழிக்கும் கொடுக்கலாம். பனீருக்குப் பதிலாகச் சில வேளை சோயாவும் உண்ணலாம்.

காய்கறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் குறைமாவு உணவினர் பலர் காய்கறியை ஒரு தொடுகறியாகவே நினைக்கிறார்கள். நீரில் கரைந்து கூழாகும் நார்ச்சத்து, ஈரலிலிருந்து குடலுக்கு வரும் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது, இழந்த பித்தநீரை மீண்டும் உண்டாக்க ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது, எல்.டி.எல். இறங்குகிறது. இந்த வகை நார் நம் கொத்தவரங்காயிலும் வெண்டைக்காயிலும் அவரையிலும் வெந்தயத்திலும் ஏராளமாக இருக்கிறது. தொழிற்சாலைகளில் உணவைக் கெட்டிப்படுத்த உபயோகிக்கும் கவார் பிசின் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பதுதான்; அது எல்.டி.எல்.லைக் குறைப்பதும் பரிசோதித்து அறிந்தது. மலச்சிக்கலுக்கு என்று வீட்டில் வைத்திருக்கும் இசப்கோலுக்கும் அந்த சக்தி உண்டு. இவற்றில் எதுவும் குறைமாவு விதிக்கு முரணானதன்று. மெலிந்த தேகமும் மிக உயர்ந்த எல்.டி.எல்.லும் உள்ளவர்கள், கொண்டைக்கடலை, பயறு, பழம் என்று மாவுச்சத்தை மிதமாகத் திரும்பச் சேர்த்துக்கொண்ட மாத்திரத்தில் அது வெகுவாக இறங்கிய உதாரணங்களும் உள்ளன; நீரிழிவு இல்லாதவர்கள் தயங்காமல் அதைச் செய்து பார்க்கலாம்.

இவ்வளவு மாற்றங்களையும் செய்து, எடையும் நிலைபெற்று, மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போதும் எல்.டி.எல். இறங்கவில்லையானால், மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து 1970களில் கண்டெடுத்த ஒரு பொருளிலிருந்து வளர்ந்தது ஸ்டாடின் என்ற மருந்து வகை. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வெளிவந்த ஆய்வில், இதய நோயுள்ள 4,444 பேரில் இந்த மருந்தை உண்டவர்களுக்கு மரணம் 30 சதவீதம் குறைந்தது. இதனால் தசைவலி வருகிறது என்று மருந்தை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவர்கள் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் மருந்தில்லாத வெற்று மாத்திரையை விழுங்கிய மாதங்களிலும் இருந்ததாகக் காட்டிற்று. சிலருக்கு மெய்யாகவே ஒவ்வாமை வரும். அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆகாரத்தால் ஆரோக்கியம் பெற்ற ஒருவருக்கு மாத்திரை ஒன்றை ஏற்றுக்கொள்வது தோல்வியாகத் தோன்றலாம். சர்க்கரையை ஆகாரத்தாலும் எல்.டி.எல்.லை மருந்தாலும் அடக்கி வாழ்வதில் எந்தத் தோல்வியும் இல்லை.

வைத்தியர்களுக்கு என் விண்ணப்பம்: குறைமாவு உணவு உண்பவர் உங்கள் எதிரில் வந்து அமரும்போது, எடை எவ்வளவு இறங்கியது, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று முதலில் கேளுங்கள், பிறகு எந்தக் கொழுப்பை உண்கிறார் என்று கேளுங்கள். இந்த உணவுமுறையைப் பிறருக்கு வழிகாட்டிக் கொடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: தொடங்கும் முன் ஒரு முறையும், எடை நிலைத்த பின் ஒரு முறையும் ரத்தப் பரிசோதனையை விதியாக்குங்கள், எல்.டி.எல். ஏறியவரைப் பயங்கொள்ளி என்று நகையாடாதீர்கள்.

எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் பெற்ற வாசகர், அது உணவால் வந்ததா குடும்ப வழியில் வந்ததா என்பது தெரியும் வரையில், தம் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அதே பரிசோதனையை ஒரு முறை செய்யச் சொல்வது நலம். பழைய ரிப்போர்ட் ஏதேனும் வீட்டில் இருந்தால், அதையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.